நடு பேரிங்கில் விட்ட தகடு

என் கையில் கெட்டுப்போன எஞ்சின்கள் சில உண்டு. அதற்கெல்லாம் நான் வருந்துவதில்லை. இரும்புதானே, சரிசெய்துகொள்ளலாம். ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில், சின்ன காஞ்சிபுரம் சாலையோரம் இருந்த என் மெக்கானிக் கொட்டகையில் ஒரு பட்டு முதலாளியின் கறுப்புக் காருக்குச் செய்த வேலையை இன்று நினைத்தாலும் சோறு இறங்காது.

எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டை லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கிவந்து, அதைத் தாங்கும் மூன்று பேரிங்கும் புதிதாகப் போட்டேன். ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே எண்ணெய் ஓட மயிரிழை இடைவெளி வேண்டும். கூடினால் எஞ்சின் தட்டும், குறைந்தால் எரிந்துபோகும். அளக்க என்னிடம் பெரிய கருவி கிடையாது. காகிதத்தைவிட மெல்லிய பித்தளைத் தகட்டை விரல் அகலம் நறுக்கி உள்ளே வைத்து பேரிங் மூடியை முறுக்குவேன். தகடு இருக்கும்போது ஷாஃப்ட் பிடிக்க வேண்டும், எடுத்தபின் வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். அவ்வளவுதான் சாஸ்திரம்.

அன்று கருட சேவை. முதலாளிக்கு அவசரம் என்பதால் விடியும்போதே உட்கார்ந்துவிட்டேன். நடு பேரிங்கில் தகட்டை வைத்து முறுக்கிய நேரம் மேளம் கேட்டது. சாமி வாசலுக்கு வரும்போது யார் கையிலும் வேலை இருக்கக் கூடாது என்பது எங்கள் சாலையில் வழக்கம். தறிக்காரர் தறியை விட்டு எழுவார், நான் ஸ்பானரைப் போடுவேன். மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டு ஓடினேன். கண்ணீர் வரக் கும்பிட்டேன். திரும்பி வந்தால் நடு மூடி முறுக்கியிருந்தது. அது முடிந்துவிட்டது என்று மூன்றாவதற்குப் போனேன்.

எல்லாம் பூட்டியபின் கையால் சுற்றினேன். கொஞ்சம் பிடித்தது. பிஸ்டனில் போட்ட புது ரிங் அப்படித்தான் பிடிக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுபடி பிரிக்கச் சோம்பல், உண்மை அதுதான்.

வண்டியின் டிரைவர் திருப்புட்குழிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிடாமல் உட்கார மாட்டார். என் கண்ணெதிரே புது ஆயில் ஊற்றி, அளந்தும் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போனார்.

வாலாஜாபாத் போய்ச் சேருவதற்குள் எஞ்சின் இறுகிவிட்டது. கயிறு கட்டி இழுத்துவந்தார்கள்.

"ஆயில் பாக்காம ஓட்டிக்கினு போயி எரிச்சிட்ட. இனிமே என் வண்டியத் தொடாத" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் டிரைவரைத் துரத்தினார்.

எல்லோரும் போனபின் எஞ்சினை நான் மட்டும் பிரித்தேன். நடு பேரிங்கின் உள்பூச்சான வெள்ளை உலோகம் உருகியிருந்தது. அதில் என் பித்தளைத் தகடு கசங்கி ஒட்டிக்கிடந்தது. சுரண்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். என்ன ஆயிற்று என்று கேட்ட முதலாளியிடம், "உள்ள ஆயில் ஓட்டம் இல்லீங்க" என்றேன். தகடு அடைத்து ஓட்டம் நின்றது நிஜம்தான், அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அதனாலேயே அது பொய்யைவிடக் கேவலம்.

மூன்றாம் நாள் டிரைவர் வந்தார். "நான் ஆயில் ஊத்தும்போது நீ பாத்துக்கினுதானே இருந்த? அத மட்டும் மொதலாளிகிட்ட சொல்லு தம்பி. வேல போனா போவுது. இந்தப் பேரு நின்னுடுச்சுன்னா எவனும் எங்கிட்ட சாவி குடுக்க மாட்டான்பா."

"சொல்றேண்ணே" என்றேன். சொல்லவில்லை. என் கொட்டகைக்கு வேலை தந்தவர்களில் பெரிய கை அந்த முதலாளிதான். எனக்குப் பயம்.

சில மாதம் கழித்து வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில் வாசலில் அவரைப் பார்த்தேன். முதுகில் மூட்டை. ஒளிந்துகொள்ளலாம் என்று நான் திரும்புவதற்குள் மூட்டையை இறக்கிவிட்டு அவரே வந்தார்.

"நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன் தம்பி. நான்தான் எங்கனா கவனிக்காம வுட்டிருக்கணும். உன்னப் போயி சாட்சி சொல்லக் கேட்டனே, மனசுல வச்சிக்காதபா" என்றார்.

"பரவால்லண்ணே" என்றேன்.