இரவல் காரைக் கழுவிக் கொடுத்த கதை

முழங்காலில் சத்திரசிகிச்சை செய்த பிறகு என் மனைவிக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கிளினிக். நாங்கள் இருப்பது கரவெட்டியில். என்னிடம் உள்ளது ஒரு மோட்டார்சைக்கிள். காலை மடக்கி அதில் ஏற அவளால் முடியாது. பக்கத்து வீட்டு அண்ணை நான் கேட்காமலே தன் கார்த் திறப்பை நீட்டினார். கடும் நீல நிறக் கார். ஞாயிறு தோறும் அவர் அதற்குச் செய்யும் பணிவிடையை நானே கேலி செய்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இரவல் வாங்கியதை அழுக்காகத் திருப்பிக் கொடுப்பது மரியாதையல்ல. கல்யாண வீட்டுக்கு வாங்கிய கிடாரத்தையும் வந்ததைவிட மினுக்கித்தான் கொடுப்போம். முதல் பயணம் முடிந்தபோது கார் முழுக்கச் செம்மண் புழுதி. சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. தேங்காய்த் தும்பையும் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தையும் எடுத்துக் காய்ந்த புழுதியின் மேலேயே, கிடாரம் துலக்குகிற உற்சாகத்தோடு தேய்த்தேன். ஈரத்தில் கார் நன்றாகத்தான் மின்னியது; அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். மறுநாள் வெயிலில் மதிலுக்கு மேலால் பார்த்தால், எஞ்சினின் முன்மூடி முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அண்ணை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அவர் மதிலடிக்கு வந்தால் நான் கிணற்றடிக்குப் போனேன்.

அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை.

"அண்ணையைக் கேளுங்கோவன்," என்றாள் மனைவி.

"அவருக்குச் செவ்வாய்க்கிழமை கார் தேவையாம்," என்று பொய் சொன்னேன்.

நெல்லியடியில் பஸ் ஏறினோம். படியில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி, காலைத் தூக்க முடியாமல் அவள் நின்றாள். சனம் பொறுமையாகக் காத்துநின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

மறுநாள் தனியே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் போய், வாகனச் சாமான் கடையொன்றில் ஸ்பொஞ் ஒன்றை எடுத்தேன். கடையில் நின்ற பெண் அதை என் கையிலிருந்து வாங்கித் திரும்ப வைத்தாள்.

"உதிலை மண் ஒட்டிக்கொண்டு தானே கீறும். இந்த மயிர் வைச்ச கையுறையை எடுங்கோ. முதல் வெறுந் தண்ணியை அடிச்சுப் புழுதியை இறக்கவேணும். பிறகு ஒரு வாளியிலை கார் ஷாம்பு, மற்ற வாளியிலை கையுறையை அலச நல்ல தண்ணி. துடைக்க மைக்ரோபைபர் துணி. நீங்கள் எதாலை கழுவினனீங்கள்?"

"தும்பாலை."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவள் சொன்ன எல்லாவற்றையும் வாங்கினேன்.

ஞாயிறு காலை வாளிகளோடு அண்ணையின் கேற்றடியில் போய் நின்றேன்.

"அண்ணை, கார் கீறுப்பட்டது என்னாலை. தும்பு போட்டுத் தேய்ச்சுப்போட்டன். இனி ஒழுங்காக் கழுவித் தாறன்."

"ஓம், அண்டைக்கே கண்டனான்."

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"என்னைக் கண்டா நீர் கிணத்தடிக்கு ஓடுறீர். ஆரோடை கதைக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"கீறு கிடக்கட்டும், தகரம்தானே. செவ்வாய்க்கிழமை நெல்லியடிச் சந்தியிலை நான் நிண்டனான். அவ அந்தப் படியிலை ஏறேலாமல் நிண்டதைப் பாத்தனான். என்ரை கார் வீட்டிலை சும்மா நிக்குது. அதைத்தான் என்னாலை பொறுக்கேலாமல் கிடக்கு."

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"அடுத்த முறை நானே காரை ஓடுறன்," என்றார். "நீர் பின்னுக்கு இருந்து அவவின்ரை காலை மடியிலை வைச்சுக்கொள்ளும்."