கிழக்குக் கிளை

ஆய்விதழிலிருந்து வந்த மின்னஞ்சலைத் தனசேகரன் நான்காம் முறையாகப் படித்தான். படிக்கப் படிக்கக் காதுமடல் சுட்டது. ‘பல பொருள்களைத் தொட்டு எதையும் நிறுவவில்லை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமைக்குள் திருத்தி அனுப்பவும்.’ கட்டுரை வெளிவராமல் முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் வாங்காது.

ஜவ்வாது மலையில் அவன் ஊரிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். அந்த வீறாப்பில் சாமை, திருமணம், திருவிழா, தேன், புளி என்று மலையையே நாற்பது பக்கத்தில் இறக்கிவைத்திருந்தான்.

“என் மலைய வெட்டச் சொல்றதுக்கு இவனுங்க யாரு?” என்று கத்தினான்.

வாசலில் அம்மா மங்கம்மாளும் தங்கை சசிகலாவும் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். “இன்னாண்ணா, பெயிலா?” என்றாள் சசிகலா.

“வாய மூடு. உங்க புளியப் பத்திகூடத்தான் எழுதிக்கீறேன், கேளு.” ஆத்திரத்தோடு படித்தான்: “புளியமரம் குடும்பத்தின் பொதுச்சொத்து. சேர்ந்து உலுக்கிச் சமமாகப் பகிர்ந்துகொள்வர்.”

மங்கம்மாளின் கையிலிருந்த கட்டை நின்றது. “பொதுவா? எவன்டா சொன்னது?”

“புத்தகத்துல கீதும்மா.”

“கிழக்குக் கிளை நம்முது, மேற்குக் கிளை உங்க பெரியப்பனுது. நடுக்கிளை வருசம் மாத்தி வருசம். போன மாசம் அவங்க கிளையில நம்ம தொரட்டி பட்டுச்சுன்னு உங்க பெரியம்மா மண்ண வாரித் தூத்துனா. நீ இந்த வூட்லதான இருந்த?”

“இருந்தாரு, காதுல ஒயர மாட்டிக்கினு,” என்றாள் சசிகலா.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் மலையில் தங்கியது இரண்டே நாள். முன்னுரையில் அவரே சொல்லியிருந்தார். வீட்டுச் சண்டையைச் சான்றாகக் காட்டினால் சிரிப்பார்கள் என்று பயந்து, அச்சில் இருந்த பொய்யை அப்படியே எடுத்துப் போட்டிருந்தான். இதழ்க்காரர்கள்மேல் இருந்த கோபம் திரும்பி அவன்மேலேயே பாய்ந்தது.

மடிக்கணினியைத் திறந்தான். சாமையை வெட்டினான், திருவிழாவை வெட்டினான், தேனை வெட்டினான். திருமணத்தில் கை நின்றது. பதினோரு பக்கம், பேருந்து வராத ஊர்களுக்கெல்லாம் நடந்து சேர்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் வெட்டினான். மிஞ்சியது புளியைப் பற்றிய இரண்டு வரி. இரண்டும் பொய்.

“யம்மா, மரத்த யாரு பிரிச்சது? எந்த வருசம்?”

“இப்பதான் கேக்கத் தோணுச்சா? உக்காரு. ஒரு கட்டைய எடுத்துக்க.”

மறுநாள் பெரியம்மா வீட்டுக்கும் போனான். அவள் திட்டி முடிக்கும்வரை நின்று, மேற்குக் கிளையின் கதையையும் வாங்கி வந்தான்.

திங்கட்கிழமை ஒன்பது பக்கம் போனது. முழுக்க ஒரே மரம். முதல் அடிக்குறிப்பில் அந்தப் புத்தகத்தின் பெயரைப் போட்டு எழுதியிருந்தான்: ‘இக்கூற்று தவறு. சான்று: மங்கம்மாள், கிழக்குக் கிளைக்கு உரியவர்.’