ரேகை விழாத கட்டைவிரல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, எனக்கு ஐம்பத்தைந்து வயது நிறைந்த வாரம், மலேசியாவின் குளுவாங்கில் நடந்தது இது. சிம்பாங் ரெங்கத்தில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நாற்காலிக் கால்களை உப்புத்தாளால் தேய்த்தவள் நான். என் வீட்டுக்காரருக்கு லாரியில் சாமான் ஏற்றும் வேலை, அன்றாடக் கூலி. சேமநிதி, ஓய்வூதியம் என்று அவருக்கு ஒன்றுமே கிடையாது. எங்கள் இருவரின் வயதான காலத்துக்கும் என் பெயரில் சேர்ந்திருந்த சேமநிதிதான் ஒரே கதி.

ஐம்பத்தைந்து ஆனால் எடுக்கலாம் என்பதால் அதை மொத்தமாக எடுத்து, ஒரு தங்க முதலீட்டில் போட முடிவு செய்திருந்தேன். என்னோடு ஒரே பெஞ்சில் வேலை பார்த்த தோழி சொன்ன வழி. அவள் தன் பணம் முழுவதையும் அதில் போட்டு, மூன்று மாதமாக லாபம் வாங்கிக்கொண்டிருந்தாள். “வெள்ளிக்கிழமையோட ஆள் சேக்கிறத நிறுத்திருவாங்களாம் லா. சேமநிதி ஆபீஸ்ல எதுக்குன்னு கேட்டா வீடு ரிப்பேர்னு சொல்லிரு” என்றாள். வீட்டுக்காரரிடம் நான் மூச்சு விடவில்லை. முதல் மாத லாபத்தைக் கையில் கொடுத்து அசத்தலாம் என்ற நினைப்பு.

சேமநிதி அலுவலகத்தில் இருந்த மலாய்ப் பெண், “செமுவா செகாலிகுஸ், காக்?” என்றார். எல்லாவற்றையும் ஒரேயடியாகவா அக்கா என்று அவருக்குக் கவலை. மாதாமாதம் கொஞ்சமாகவும் எடுக்கலாமே என்று பொறுமையாக விளக்கினார். நான் வீடு ரிப்பேர் கதையைக் கூசாமல் சொன்னேன். கட்டைவிரலை வைக்கச் சொன்னார். இயந்திரம் ஏற்கவில்லை. துடைத்து வைத்தேன், அழுத்தி வைத்தேன், இடது விரலையும் வைத்தேன். ம்ஹூம். இத்தனை வருடத்தில் உப்புத்தாள் என் ரேகையையும் சேர்த்தே தேய்த்திருந்தது.

ரேகை விழாவிட்டால் மேலதிகாரியின் கையெழுத்து வேண்டுமாம். அவர் திங்கட்கிழமைதான் வருவாராம். அதுவரை விரலுக்கு எண்ணெய் தடவிப் பாருங்கள் என்று அந்தப் பெண் அன்பாகத்தான் சொன்னார். எனக்கோ வெள்ளிக்கிழமை போய்விடுமே என்று எரிச்சல். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாள் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவரைத் திட்டினேன். என் விரலையும் திட்டினேன்.

ஞாயிறு காலை தோழி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“போன் அடிச்சா எடுக்க மாட்றானுங்க. நேத்து போய்ப் பாத்தா அவனுங்க ஆபீசும் காலியாக் கெடக்கு. நீ போட்டுட்டியாடி?”

“இல்லடி, வெரலு விழல.”

“அப்பாடா” என்றவள் அதற்குப் பிறகுதான் அழ ஆரம்பித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் தன்னுடையது எல்லாம் போன பிறகும் என்னைப் பற்றி முதலில் கேட்டவளின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அன்றே வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டி, திட்டு வாங்கி, மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். தேங்காய் எண்ணெய் தடவிய விரலின் ரேகை மூன்றாவது தடவை விழுந்துவிட்டது. மாதாமாதம் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். வீடு ரிப்பேர் என்ன ஆயிற்று என்று அந்தப் பெண் கேட்கவே இல்லை. சம்பளச் சீட்டு இல்லாதவர்களும் தாங்களாகவே சேமநிதியில் போடலாம் என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். வீட்டுக்காரர் பெயரையும் அன்றே பதிந்தோம்.

தோழி இப்போது நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்கிறாள். மாதம் ஒரு நாள் அவளையும் இழுத்துக்கொண்டு போய், முடிந்ததைச் சேமநிதியில் போட வைக்கிறேன். “கெழவியாயிட்டேன், இனிமே எதுக்குடி?” என்று முனகிக்கொண்டே போடுவாள்.

ஒவ்வொரு மாதமும் என் பணம் வந்து சேரும்போது, அன்று இந்த விரல் அடம்பிடிக்காமல் இருந்திருந்தால் நானும் வீட்டுக்காரரும் இன்று யார் கையை எதிர்பார்த்து நின்றிருப்போமோ என்று நினைத்து, அந்தக் கட்டைவிரலை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.