சிவப்பு அம்பு ஒட்டிய ஊஞ்சல்

பூங்காவில் பிள்ளைகள் ஊஞ்சலுக்குச் சண்டை போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். என் மகளுடைய முறை வந்தது. அவள் ஏறவில்லை. சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். குனிந்து பலகையின் அடியைப் பார்த்தாள். பிறகு நேராக வாட்ச்மேனிடம் போனாள்.

"ஏனுங்க தாத்தா, இத யாருங்க செக் பண்ணுனாங்க?"

வாட்ச்மேன் அவளைப் பார்த்தார், ஊஞ்சலைப் பார்த்தார், கடைசியில் பெற்றவன் யார் என்று தேடி என்னைப் பார்த்தார்.

"யாரோ வந்து மாட்டிப்போட்டுப் போனாங்க கண்ணு. செக் பண்ணுனாங்களான்னு தெரீலியே."

"அப்ப வேண்டாமுங்க" என்று திரும்பி வந்துவிட்டாள். வயது ஆறு.

இந்த வியாதி எங்கிருந்து ஒட்டியது என்று டாக்டரிடம் போய் விசாரிக்க வேண்டியதில்லை. குழந்தைகளுக்கான பனியன் உடுப்புகளைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் நான் க்யூசி, தரம் பார்க்கிற ஆள். அதாவது, சந்தேகப்படுவதற்காகச் சம்பளம் வாங்குகிறவன். பட்டனை இழுத்துப் பார்ப்பேன், தையலை விரித்துப் பார்ப்பேன், பாலிதீன் கவரை முகர்ந்துகூடப் பார்ப்பேன். "நல்லா வந்திருக்குதுங்க சார்" என்று எந்த லைனில் சொல்கிறார்களோ அந்த லைனின் பண்டலைத்தான் முதலில் பிரிப்பேன். கம்பெனி கேட்டைத் தாண்டும்போது இந்தக் குணத்தையும் ஐடி கார்டோடு சேர்த்துக் கழற்றிவிட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வீட்டுக்கு வந்து பாலை முகர்ந்து பார்ப்பேன். நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்காருவேன். ஒரு கல்யாணப் பந்தியில் ஜிலேபியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்ததாக என்மேல் குற்றச்சாட்டு இருக்கிறது, நான் மறுக்கவில்லை.

மகள் பக்கத்திலேயே இருந்து எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். ஆரம்பத்தில் எனக்குப் பெருமைதான். போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். பள்ளிக்கூடத்து டீச்சர் என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "சறுக்குலயும் ஏற மாட்டேங்குறாங்க, ஊஞ்சல்லயும் ஏற மாட்டேங்குறாங்க. மத்த புள்ளைங்க வெளையாடுறத ஓரமா நின்னு பாத்துட்டே இருக்காங்க" என்று சொன்ன அன்றைக்குச் சிரிப்பு நின்றுபோனது. இந்தப் பிள்ளை ஒரு தடவையாவது மற்ற பிள்ளைகள் மாதிரி பயமில்லாமல் ஊஞ்சலில் ஆட வேண்டும். எனக்கு அது போதும் என்று இருந்தது.

அதனால் ஊஞ்சலை நானே செய்வதென்று முடிவெடுத்தேன். வீட்டின் பின்புறம், அவள் கண் முன்னாலேயே, மரம் அறுப்பதிலிருந்து நட்டு முடுக்குவது வரை. அப்போது யார் செக் பண்ணினார்கள் என்ற கேள்விக்கே இடமிருக்காது அல்லவா.

மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கை நின்றது.

"ஏனுங்க, போன வருசம் செருப்பு ஸ்டேண்டு ஒண்ணு செஞ்சீங்களே."

"ஆமா."

"அது தானா நிக்காதுன்னுதானுங்க இன்னும் செவுத்துல சாத்தி வெச்சிருக்குது."

"அது செருப்புக்கு."

"இது புள்ளைக்குங்க."

கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவு சுலபமாக விட்டது எனக்குச் சந்தேகமாக இருந்தது. தாராபுரத்தில் என் மாமனாருக்குப் பழக்கமான ஆசாரி ஒருவர் உண்டு. அன்று சாயங்காலமே இவள் மொட்டை மாடியில் நின்று தணிந்த குரலில் போன் பேசினாள். யாரிடம் என்று கேட்டேன். அம்மாவிடமாம். அம்மாவிடம் பேசுவதற்கு மொட்டை மாடி எதற்கு?

மரத்துக்குப் பல்லடம் ரோட்டில் ஒரு பழைய மரக்கடைக்குப் போனேன். வெளிநாட்டிலிருந்து வரும், துணி பின்னுகிற நிட்டிங் மெஷின்களைப் பெரிய பெரிய பைன் மரச் சட்டங்களுக்குள் வைத்து அனுப்புவார்கள். மெஷின் கம்பெனிக்குள் போய்விடும், சட்டம் இந்தக் கடைக்கு வந்துவிடும். எங்கள் ஊரில் பாதிப் பேர் வீட்டுக் கட்டிலும் அலமாரியும் இப்படிக் கடல் தாண்டி வந்தவைதான்.

"டன் கணக்குல மெஷின் சொமந்து வந்த மரமுங்க" என்றார் கடைக்காரர். "உங்க புள்ளையச் சொமக்காதுங்களா?"

"சொமந்து சொமந்து களைச்சுப் போயிருந்தா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க செக்கிங்குல இருக்கறீங்களாட்ட இருக்குதுங்க."

ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பார்த்தேன். ஒன்றில் காதை வைத்துக்கூடக் கேட்டேன். என்ன சத்தம் வந்தால் நல்லது, என்ன சத்தம் வந்தால் கெட்டது என்று எனக்குத் தெரியாது. ஆனால் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன். மகளும் தன் பங்குக்கு ஒரு கட்டையில் காதை வைத்தாள். அவளும் தலையை ஆட்டினாள்.

செய்முறைக்குப் போன் வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் கிடைத்தார். பக்கத்துக்கு இரண்டு காலாக ஏணி மாதிரி விரித்து நிறுத்தி, மேலே ஒரு உத்தரத்தைப் போட்டு, நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஊஞ்சலை முடித்துவிட்டார். வியர்க்கவில்லை, கையில் மரச் சிலாம்பு ஏறவில்லை. இதை யாரோ முன்னாலேயே செய்து வைத்துவிட்டு இவரைப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் பிடித்திருக்கிறார்கள் என்று இன்றுவரை நம்புகிறேன்.

நான் கால்களை அறுத்து முடித்துப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தபோது நான்கும் நான்கு உயரம். காரணம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. பனியன் நீளத்தில் அரை இஞ்ச் கூடினாலும் குறைந்தாலும் நாங்கள் பாஸ் செய்வோம். அதற்கு டாலரன்ஸ் என்று பெயர். துணிக்கு அளக்கிற அதே டேப்பை எடுத்ததும் கை தன்பாட்டுக்கு டாலரன்ஸ் கொடுத்துவிட்டது. போட்டுப் பார்க்கிற உடம்பு இழுத்துச் சரிசெய்துகொள்ள இது பனியன் இல்லையே. கடைசியில் குட்டையான கால்களுக்குக் குழியை ஆழம் குறைத்து, நெட்டையான கால்களுக்குக் கூடுதலாகத் தோண்டி, கான்கிரீட்டைக் கொட்டி ஒருவழியாகச் சமன் செய்தேன்.

மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தையல் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். எந்நேரமும் என் பின்புறத்து வேலையிலேயே கண்ணாக இருந்தது எனக்கு அவர்மேலும் ஒரு சந்தேகத்தைக் கிளப்பியிருந்தது.

"என்ன தம்பி, ஆட்டுக்குக் கொட்டகை போடுதியளோ?"

"ஊஞ்சலுங்கக்கா."

"ஊஞ்சலுக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு? அந்தா வேப்பமரம் நிக்கி. ஒரு கயித்தக் கட்டிவுட்டா பிள்ள ஆடிட்டுப் போகுது."

மகள் நிமிர்ந்தாள். "அந்த மரத்த யாருங்க அத்தை செக் பண்ணுனாங்க?"

"ஆண்டவர்தாம்மா."

"அவரு எப்ப வந்தாருங்க?"

அக்காவின் தலை சுவருக்குப் பின்னால் இறங்கிவிட்டது. சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

உத்தரத்தை ஏற்ற கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து கை கொடுத்தார்கள். போல்ட் எல்லாம் நானே முடுக்கினேன். கான்கிரீட் காய்ந்தது. மரத்துக்கு வார்னிஷ் அடித்தேன். பிறகு மகளை நிறுத்தி வைத்து, ஒவ்வொரு போல்டையும் ஸ்பேனர் போட்டுக் காட்டினேன். கால்களை உலுக்கிக் காட்டினேன். அசையவில்லை.

"எல்லாம் ஓகே கண்ணு. ஒரு டேமேஜ் கூட இல்ல."

எதற்காக இவ்வளவும் செய்தேனோ அந்த முகம் மலரவில்லை. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

"ஒண்ணு கூடவா இல்லீங்க?"

"ஒண்ணு கூட இல்ல."

"ஒண்ணு கூட இல்லீன்னா செக்கே பண்ணலீன்னு அர்த்தம்னு போன்ல சொல்லுவீங்களே."

சொல்லுவேன். எங்கள் தொழிலில் குறையே இல்லாத ரிப்போர்ட்டைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். புதிதாகச் சேர்ந்த செக்கிங் பையன் பெட்டியைப் பிரிக்காமல், டீக்கடையில் உட்கார்ந்து எழுதியிருப்பான். நாலு குறையாவது எழுதியிருந்தால்தான் பெட்டியைத் திறந்தான் என்று நம்புவோம். இதைச் சாயங்காலங்களில் போனில் நான் கத்துவதை அவள் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். மனைவி வாசற்படியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை உள்ளே போய்விட்டது.

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வாய் இருந்தால் இப்படி எல்லா இடத்திலும் திறந்து வைக்கக் கூடாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என் பையிலிருந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கர் தாள் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். துணியில் எங்கே குறை இருக்கிறதோ அங்கே கூர் படுகிற மாதிரி ஒட்டுகிற ஸ்டிக்கர் அது. "இன்னைக்கு நீதான் க்யூசி. அப்பா வெறும் டெய்லர். குறை இருந்தா ஒட்டு அம்முணி."

அவள் முதல் அம்பை வார்னிஷ் வழிந்து உறைந்திருந்த இடத்தில் ஒட்டினாள். இரண்டாவதை வளைந்துபோன ஆணியில். பலகையின் சொரசொரப்பான ஓரத்தில் ஒன்று. அப்புறம் யோசித்து, என் முழங்கையில் சிலாம்பு குத்திய இடத்தில் ஒன்று. குறைகள் வரவர எனக்குள் ஒரு க்யூசி கூசினான். ஆனால் அவள் முகத்தில் தெளிவு வந்துகொண்டிருந்தது.

ஊஞ்சலை உத்தரத்தில் தொங்கவிட்ட கயிற்றைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. இரும்புச் சங்கிலி வாங்கலாம் என்று மனைவி சொன்னாள். பனியன் ஊரில் இருந்துகொண்டு இரும்பா என்று கேட்டேன். பை கைப்பிடிக்காக எங்கள் சாம்பிள் ரூமில் பின்னிய காட்டன் நாடா, விரல் கனம், வெள்ளை வெளேரென்று இருந்தது. கேட்டு வாங்கி, மூன்று மூன்றாகச் சேர்த்துச் சடை போட்டு மாட்டியிருந்தேன். குழந்தை உடுப்பின் பட்டனை எப்படிப் பிடித்து இழுத்து நிறுத்திப் பார்ப்போமோ, அப்படியே இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்திருந்தேன். பாஸ்.

"அப்பா, நீங்க மொதல்ல உக்கோருங்க" என்றாள் க்யூசி.

உட்கார்ந்தேன். மெதுவாக ஆடினேன். மனைவி வாசற்படிக்கு வந்தாள், அக்காவும் தன் முற்றத்தில் மிளகாயைக் காயப் போட்டுவிட்டு மதிலில் கையூன்றி வந்து நின்றுவிட்டார். கூட்டம் சேர்ந்ததும் எனக்கு வாய் திறந்துகொண்டது. பைன் மரத்தின் குணத்தைப் பற்றி, கான்கிரீட்டின் கலவையைப் பற்றி, ஆசாரி இல்லாமல் ஒரு மனிதன் என்னென்ன செய்யலாம் என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். எதிரே மூன்று பேரும் அசையாமல் என்னையே பார்த்தார்கள். அவ்வளவு கவனமாக யாரும் என் பேச்சைக் கேட்டதில்லை. அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம். நான் படவில்லை.

"தம்பி" என்றார் அக்கா, "முட்டு மேல வருதே."

என் முழங்கால்கள் நெஞ்சுக்கு நேராக வந்திருந்தன. பின்னிய நாடா என்றால் இழுபடும். துணி இழுபடுகிறதா, இழுபட்டது திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் இத்தனை வருடமாக என் வேலையே. அது இஞ்ச் இஞ்சாக நீண்டுகொண்டே வந்து, நான் பேசி முடிப்பதற்குள் என்னைப் பூப்போல மண்ணில் உட்கார வைத்தது.

மகள் நிதானமாக வந்தாள். ஒரு அம்பைப் பிய்த்து இடது நாடாவில் ஒட்டினாள். இன்னொன்றை வலது நாடாவில். மூன்றாவதை எங்கே ஒட்டுவது என்று என்னைச் சுற்றி வந்து, என் பின்பக்கமாகக் குனிந்தாள்.

"அங்க வேண்டாம் சாமி, அக்கா பாக்கறாங்க."

அவள் சிரித்தாள். பல் விழுந்த ஓட்டை தெரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. டீச்சர் சொன்னதற்குப் பிறகு நான் அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் பார்த்திருக்கவில்லை.

"இப்பத்தானுங்க நெசமா செக் பண்ணியிருக்குது" என்றாள்.

அன்றே சங்கிலி வாங்கப் போனோம். வழியில் மனைவியிடம் அந்த மொட்டை மாடிப் போனைப் பற்றிக் கேட்டேன். அம்மாவிடம்தான் பேசினாளாம். "நீங்க செய்யறத அங்க யாருகிட்டயும் சொல்லீராதீங்கன்னு சொன்னனுங்க. அது நேரா நின்னதுக்கப்புறம் சொல்லிக்கலாம்னுதான்." ஆசாரியைக் கூப்பிட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சங்கிலியை மாட்டி, ஓரத்தைத் தேய்த்து, ஆணியைப் பிடுங்கி வேறு அடித்தோம். ஒவ்வொரு குறையும் சரியானதும் அவளே வந்து அந்த அம்பைப் பிய்த்தாள். நான் மறுபடியும் உட்கார்ந்து, இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு ஆடிக் காட்டினேன். மனைவி உட்கார்ந்தாள். அக்காவும் சுற்றி வந்து, "ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார்.

பிறகு மகள் ஏறினாள். யாரும் கூப்பிடவில்லை. சங்கிலியை இழுத்துப் பார்க்கவில்லை. நான் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

"கைய எடுங்கப்பா. தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். இன்னும் தள்ளச் சொன்னாள். வாசற்படி வரைக்கும் போனேன். காலை நீட்டி நீட்டி மடக்கினாள். முதலில் முழங்கால் உயரம், அப்புறம் இடுப்பு உயரம், அப்புறம் மதிலுக்கு மேலே தலை போய்விட்டு வந்தது. உத்தரத்தை, போல்டை, சங்கிலிக் கொக்கியை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

"அத்தை" என்று மேலே போகிறபோது கத்தினாள். கீழே வந்தாள், மறுபடி மேலே போனாள். "உங்க மொளகாய காக்கா தின்னுதுங்க!"