சொல்லாமல் தொட்ட ராஜா

பெர்னார் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை காலை ரெட்டியார்பாளையம் வீட்டில் காலமானார். பிரான்சில் இருக்கும் அவருடைய மகள் தெரேஸ் தொலைபேசியில் இதை உறுதிசெய்தார். பக்கத்து வீட்டுக்காரர் காபி கொண்டுபோனபோதுதான் தெரிந்ததாம். சதுரங்கப் பலகையில் காய்கள் அடுக்கியபடி இருந்தனவாம். வெள்ளைக் காய்கள் நான் உட்காரும் பக்கம்.

குடிநீர்ப் பிரிவில் பம்ப் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவரும் பலகையும்தான். எப்போதும் கறுப்பையே எடுப்பார். நான் ராஜாவுக்கு முன்னிருக்கும் சிப்பாயைத் தள்ளியதும் சிசிலியன் தற்காப்பில் இறங்குவார். பெயர்தான் தற்காப்பு, பத்து நகர்த்தலுக்குள் என் ராஜா ஓட இடம் தேடும். "பேப்பர்ல மட்டும் சூடா எழுதுற, இங்க வந்தா பதுங்குறியே நிருபரே!" என்பார். பல வருடங்களில் ஒருமுறைகூட நான் வென்றதில்லை.

கோணலாக நிற்கும் காயை நேராக்கத் தொடும் முன் "ழதூப்" என்பார். சரிசெய்கிறேன் என்பதற்கான பிரெஞ்சுச் சொல். அதைச் சொல்லாமல் தொட்டால் அந்தக் காயை ஆடியே ஆகவேண்டும்.

சென்ற மாதம் ஆடியபோது, அவர் யானையால் என் குதிரையை வெட்டியிருந்தால் நான் தோற்றிருப்பேன். ஆனால் அவர் கை கோணலாக நின்ற தன் ராஜாவுக்குப் போனது. நேராக வைத்தார். சொல்லைச் சொல்லவில்லை.

"நேராக்கத்தானே அண்ணே தொட்டீங்க, வுடுங்க."

"சொல்ல மறந்துட்டேன்பா. தொட்டாச்சி, ஆடணும்."

ராஜாவுக்குப் போக ஒரே கட்டம், மூலை. நான் இன்னும் ஒருமுறை மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை, ராணியை இறக்கினேன். ஐந்து நகர்த்தலில் முடிந்தது.

அவர் சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். "அடுத்த ஞாயிறு வந்துடு. நீதான் வெள்ளை. அதே சிசிலியன்தான், பாத்துக்க."

மூன்று ஞாயிறுகள் நான் போகவில்லை. வேலை என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. கிடைத்த ஒரே வெற்றியைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை, அவ்வளவுதான். நான்காவது ஞாயிறுதான் தெரேஸின் அழைப்பு வந்தது.

இப்போது என் வீட்டுப் பலகையில் எந்தக் காயை நேராக்கினாலும் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டே தொடுகிறேன். எதிரே கேட்க ஆளில்லை.

ஒவ்வோர் ஆட்டத்தையும் நோட்டில் குறித்து, அதன் கீழே ஒரு வரி எழுதுவது அவர் வழக்கம். அந்த நோட்டு பூட்டிய அலமாரியில் இருக்கிறது. அவருடைய சாவி கிடைக்கவில்லை, இன்னொரு சாவி தெரேஸிடம். அவர் வியாழக்கிழமை வருகிறார், வெள்ளி காலை அடக்கம். என் வெற்றியின் கீழே அண்ணன் என்ன எழுதியிருக்கிறார் என்பது வியாழன் மாலை தெரியும்.