பக்கத்துக் கிணறு பொங்கினால்

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வேலையில் எங்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. போர் போடும்போது கம்ப்ரசர் காற்று பாறை வெடிப்பு வழியாகப் போய்ப் பக்கத்துக் கிணற்றில் குமிழ் குமிழாகப் பொங்கும். பொங்கினால் தண்ணீர் உறுதி. அதைப் பார்க்க ஓர் ஆளைக் கிணற்றடியில் நிறுத்துவோம். அவன் துண்டைச் சுழற்றினால் எல்லோரும் விசில் அடிப்போம். யாருடைய தண்ணீர் என்று ஒருத்தனும் யோசிக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் அந்த ரிக் மதுரைக்கு வந்தது. ஒரு வெளிநாடு கொடுத்த உதவி. கதவில் அந்த நாட்டுக் கொடி. நான் ஆபரேட்டர். வறட்சி தீரும், விவசாயம் வளரும் என்றார்கள். ஆனால் மேலே இருந்தவர்கள் கேட்டதெல்லாம் இந்த மாதம் எத்தனை அடி போட்டாய் என்பதுதான்.

அலங்காநல்லூருக்கு வடக்கே, கால்வாய்த் தண்ணீர் எட்டாத மேட்டுக்காடு. தங்கவேல் என்பவரின் தோட்டத்தில் போர் போட்டோம். வரப்புக்கு அந்தப் பக்கம் பேச்சியம்மாளின் கிணறு. கூலி வேலை பார்த்து முக்கால் ஏக்கர் வாங்கித் தக்காளி போட்டிருந்த குடும்பம். பேச்சியம்மாளே ஓடி வந்தார்.

“அண்ணே, எங்க கெணத்துல பால் பொங்குற மாதிரி பொங்குது! நல்லதுதான?”

“நல்லதுதாம்மா” என்றேன்.

தண்ணீர் பீறிட்டதும் தங்கவேல் லட்டை நீட்டினார். “இந்தா, எடுத்துக்க. ஒன் கெணறுதான் எனக்கு நல்ல சேதி சொல்லிருக்கு.”

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

தங்கவேல் மோட்டார் மாட்டிக் கரும்பு போட்டார். அடுத்த கோடையில் பேச்சியம்மாள் என்னை ஆரப்பாளையம் டீக்கடையில் பிடித்துக்கொண்டார்.

“பொங்குனா நல்லதுன்னீங்களே, யாருக்கு நல்லது? வாளியில சேறுதான் வருது. இப்பிடியே போனா நெலத்த அந்தாளுக்கே எழுதிக் குடுத்துட்டு, அவருகிட்டயே கூலிக்குப் போகணும்ணே.”

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். நேரே எங்கள் இன்ஜினியரிடம் போனேன்.

“சார், அது புதுத் தண்ணி இல்ல. அந்தம்மா கெணத்து ஊத்தத்தான் இந்தப் பக்கம் வெட்டி விட்டிருக்கோம்.”

“அதுக்கென்னய்யா? அவங்களுக்கும் ஒரு போர் போடு. அடி கூடும்ல.”

“அதுக்கு அடுத்த கெணறு வத்துனா?”

“அங்கயும் போடு. ரிக்க சும்மா நிப்பாட்டி வச்சா, குடுத்தவன் கேப்பான்யா.”

பேச்சியம்மாள் நிலத்தில், தங்கவேல் போரைவிட ஆழமாக இறக்கினோம். வெறும் புழுதிதான் பறந்தது. கிழக்கே மாயாண்டி கிணறு. அவரும் இவரைப் போலக் கூலிக்குப் போய் நிலம் வாங்கியவர்தான். பார்த்து வருகிறேன் என்று பேச்சியம்மாளே போனார். இந்தத் தடவை ஓடி வரவில்லை, நடந்து வந்தார்.

“பொங்குதாம்மா?”

“பொங்குதுண்ணே.”

லீவரில் கை வைத்தேன். “நிப்பாட்டவா?”

கிழக்கே பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“நிப்பாட்டிராதீங்கண்ணே.”

தண்ணீர் வந்தது. யாரும் விசில் அடிக்கவில்லை.

மறு வருஷமே மாயாண்டி வந்து நின்றார். “எனக்கு அதவிட ஆழமாப் போடுங்கண்ணே.”

பேச்சியம்மாள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் ஆத்திரமெல்லாம் துளை போட இயந்திரம் கொடுத்துவிட்டு, அடிக்கணக்கு பார்த்து வளர்ச்சி என்று கைதட்டியவர்கள் மேல்தான். மழைத் தண்ணீரைத் தேக்கிக் கிணறுகளுக்கு ஊற்றுக் கொடுக்கும் கண்மாய் பக்கத்திலேயே தூர்ந்து கிடந்தது; அதில் ஒரு கூடை மண் அள்ள எவனும் உதவி தரவில்லை.

இப்போது ரிக் ஓட்டும் பிள்ளைகளே, பக்கத்துக் கிணறு பொங்கினால் ரிக்கை நிறுத்துங்கள். அந்தக் கிணற்றுக்காரரைக் கூப்பிட்டு, பொங்குவது அவருடைய தண்ணீர் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அவர் கையில் லட்டைக் கொடுக்காதீர்கள்.