கலைமதி கடைக்கு ராம் வாங்கிய கதை

மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தகரக் கூரை போட்ட பேனர் கடை ஒன்று இருக்கிறது. அது கலைமதியின் கடை. கல்யாணமோ, காதுகுத்தோ, கண்ணீர் அஞ்சலியோ, போட்டோவைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். முகத்தில் இருக்கிற பருவை எடுத்து, முதுகுக்குப் பின்னால் தெரிகிற மாட்டுக் கொட்டகையை எடுத்து, அந்த இடத்தில் ஒரு அருவியைக் கொட்ட விட்டுவிடுவாள். அவள் கம்ப்யூட்டரில் செய்து அனுப்பும் படத்தை தருமபுரியில் பெரிய மிஷினில் அடித்து, சுருட்டி, பஸ்ஸில் போட்டு விடுவார்கள்.

தக்காளிக் காட்டில் பிறந்த பெண்தான். அப்பன் மாதையன் அவளைக் கம்ப்யூட்டர் படிக்க அனுப்பியபோது, "பொட்டப் புள்ளைக்கு அது எதுக்கு, சாணி தட்டவா?" என்று கேட்டவர்கள் உண்டு. அப்படிக் கேட்டவர்கள் இன்றைக்குப் பேரனின் காதுகுத்துக்கு அவள் கடையில்தான் வரிசையில் நிற்கிறார்கள். நிற்கட்டும், நன்றாக நிற்கட்டும். கட்டிய புருசன் நவநீதன் தக்காளி வண்டி ஓட்டுகிறான். நல்ல பிள்ளை. அவள் ஒன்று நினைத்துவிட்டால் குறுக்கே பேசமாட்டான். பேசினாலும் நடக்காது என்று கட்டிய முதல் மாசமே தெரிந்துகொண்டான்.

இந்த ஆவணியில் தக்காளி மண்டிக்காரர் பச்சியப்பன் அவள் கடைப் படியேறினார். அவர் மகளுக்குக் கல்யாணம். மண்டி பேனர், நோட்டீஸ் எல்லாம் அதுவரை பாலக்கோட்டில் பேனர் கடை வைத்திருக்கும் தர்மனிடம்தான் போய்க்கொண்டிருந்தது.

"கலை, இந்த ஒரு பேனரை உன்னை நம்பித் தரன். நல்லா வந்துச்சுன்னா மண்டி வேலை பூரா இனிமே உனக்குத்தான். சொதப்புனீன்னா பழையபடி தர்மனுக்குத்தான் போவும். அப்புறம் மாமா கண்டுக்கலைன்னு சொல்லக் கூடாது."

"சொதப்ப மாட்டன் மாமா. என்ன போடணும், சொல்லுங்க."

"எல்லாரையும் போடணும்."

"எல்லாரும்னா?"

"எங்க பங்காளி, சம்பந்தி வூட்டுப் பங்காளி, மாமன் மச்சான் அத்தனை பேரும். ஒருத்தன் மூஞ்சி உட்டுப் போனாலும் பந்தியில எலையத் தூக்கி எறிஞ்சிட்டுப் போயிடுவானுங்க."

மண்டப வாசலை முழுசாக மறைக்கிற பேனர் அது. கலைமதி போட்டோக்களை ஒவ்வொன்றாக ஏற்ற ஏற்ற, கம்ப்யூட்டர் சினைமாடு மாதிரி மூச்சு வாங்கியது. ஒரு மீசையை நகர்த்தினால், அது நகர்ந்து முடிவதற்குள் அவள் டீ குடித்து வந்துவிடலாம். ராம் போதவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ராம் என்பது கம்ப்யூட்டருக்குள் செருகுகிற சின்னப் பட்டை. வேலை நடக்கும்போது எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டு நிற்பது அதுதான். கை சின்னதாக இருந்தால் எத்தனை பங்காளியைத் தாங்கும்?

தருமபுரிக்குப் பஸ் ஏறினாள். அங்கே அறிவழகன் என்பவன் கம்ப்யூட்டர் சாமான் விற்கிறான். மரியாதை தெரிந்த பையன். இரண்டு கம்பெனிகளை எடுத்து வைத்தான். ஒன்று சிவப்பு டப்பா, ஒன்று நீல டப்பா. கம்பெனிப் பேர் நமக்கு எதற்கு, டப்பா நிறம் போதும்.

"எதுன்னாலும் எடுங்கக்கா. ஆனா ஒரே டப்பாவுல ஜோடியா வருது பாருங்க, அதை எடுங்க. ஜோடியாப் போட்டாத்தான் வேகம்."

"செவப்புல ஒண்ணு, நீலத்துல ஒண்ணு குடு."

"அக்கா, கலந்து போடக் கூடாதுங்கக்கா."

"ஏன் கூடாது? எங்கப்பாரு ஒரு வருசம் ஒரே கம்பெனி நாத்தை நம்பி நட்டு, காடு பூரா இலை சுருண்டு போச்சு. அதுலேர்ந்து பாதி ஒருத்தன் நாத்து, பாதி இன்னொருத்தன் நாத்துதான். ஒண்ணு படுத்தா இன்னொண்ணு நிக்கும்."

"இது தக்காளி இல்லீங்கக்கா. இங்க ஒண்ணு படுத்தா மிஷினே படுத்துக்கும்."

"விக்கிறவன் ஜோடி ஜோடியாத்தான் விப்பான். நான் கேட்டதைக் குடு தம்பி."

கொடுத்துவிட்டான். வேண்டாம் என்றால் எப்போது திருப்பித் தந்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியே கொடுத்தான். அவள் பக்கமும் தப்பு சொல்ல முடியாது. அந்தப் பக்கத்துக் காடுகளில் எவரும் ஒரே கம்பெனி நாற்றை முழுசாக நட மாட்டார்கள். பட்டுத் தெரிந்துகொண்ட புத்தி அது. ஆனால் காட்டில் ஒரு செடிக்கும் பக்கத்துச் செடிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, அது பாட்டுக்குக் காய்க்கும், இது பாட்டுக்குக் காய்க்கும். கம்ப்யூட்டருக்குள்ளே அப்படி இல்லை. அதைத்தான் அவள் யோசிக்கவில்லை.

இரண்டையும் செருகினாள். விசிட்டிங் கார்டு, காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் ஓட்டமாக ஓடின. "பாத்தியா?" என்று நவநீதனைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டாள். அவனும் பார்த்தேன் என்று ஆட்டினான். பச்சியப்பன் பேனரைத் திறந்து, பாதிப் பங்காளிகள் ஏறியதுமே திரை நீலமாகி, என்னவோ இங்கிலீஷில் இரண்டு வரி எழுதிவிட்டு அணைந்தது. மறுபடி போட்டாள். மறுபடி அணைந்தது.

கெட்ட நேரம் பாருங்கள், மறுநாள் காலையில் பேனர் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கப் பச்சியப்பனே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சம்பந்தியின் முகத்தை அவள் பெரிதாக்கிக் காட்டினாள். அந்த நேரம் பார்த்துத் திரை நீலமாகி அணைந்தது.

"என்னம்மா இது, எங்க சம்பந்தி எங்க? இப்பத்தான இருந்தாரு?"

"உள்ள போயிருக்காரு மாமா, வந்துருவாரு."

"வெள்ளிக்கெழம முகூர்த்தம். அதுக்குள்ள வருவாரா?" எழுந்து வேட்டியை உதறினார். "எதுக்கும் நான் தர்மனுக்கு ஒரு போன் போட்டு வெக்கிறன். தப்பா நெனச்சுக்காத."

அவர் போனதும் கலைமதி கம்ப்யூட்டர் மூடியைக் கழற்றினாள். சிவப்பை எடுத்துவிட்டு நீலத்தை மட்டும் வைத்துப் பார்த்தாள். மெதுவாக ஓடியது, ஆனால் அணையவில்லை. நீலத்தை எடுத்துச் சிவப்பை வைத்தாள். அதுவும் அப்படியேதான். சேர்த்து வைத்தால்தான் சண்டை. அறிவழகனுக்குப் போன் போட்டாள்.

"ரெண்டுமே நல்ல சரக்குதாங்கக்கா. அதது ஓடுற வேகம் வேற வேற. ரெண்டையும் ஒண்ணா ஓட்டினா பெரிய வேலையில ஒண்ணையொண்ணு தடுக்கிவிடுது. கொண்டாந்து குடுங்க, ஜோடி டப்பாவா மாத்தித் தரன். எந்தக் கலர்னு மட்டும் சொல்லுங்க."

"எது நல்லது?"

"ரெண்டும் நல்லதுங்கக்கா."

ஏசி போட்ட கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு இரண்டும் நல்லதுதான். மதியத்தில் தோசைக்கல்லாய்க் காய்கிற தகரத்துக்குக் கீழே எது நிற்கும் என்று அவன் எதை வைத்துச் சொல்வான்? இதையும் மாற்றி வாங்கி, இதுவும் மக்கர் செய்தால் வெள்ளிக்கிழமை மண்டப வாசலில் தர்மன் பேனர்தான் தொங்கும்.

காட்டு வழக்கம் இன்னொன்றும் உண்டு. நாற்று எப்படி என்று விற்றவனைக் கேட்கமாட்டார்கள், நட்டவனைக் கேட்பார்கள். வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன பங்காளியாக இருந்தாலும், நாற்றைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லியாக வேண்டும். அதில் பொய் சொன்னவன் காட்டுக்கு அப்புறம் யாரும் கூலிக்குக்கூட வரமாட்டார்கள்.

தகரக் கூரைக்குக் கீழே, இதே மாதிரி பேனர் வேலையை வருசக் கணக்காகச் செய்கிறவன் அந்தச் சுற்று வட்டாரத்தில் ஒரே ஒருத்தன்தான்.

"தர்மன் கடைக்கா?" நவநீதனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எலி போயி பூனைகிட்ட பொந்துக்கு வழி கேக்குதாம்."

"பேசாம வண்டிய எடு."

தர்மன் அவளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"வாம்மா. பச்சியப்பன் காலையிலயே போன் போட்டாரு. பங்காளிங்களைத் தூக்கிட்டு வந்துட்டியா, எறக்கி வெக்க?"

"இல்லீங்கண்ணா. ஒண்ணு கேக்கணும். நட்டவங்களைத்தான் கேக்கணும்னு வந்தன்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் தர்மன் சிரிப்பை நிறுத்திவிட்டார். அவரும் தக்காளிக் காட்டு ஆள்தான். நடந்ததை அவள் சொல்லச் சொல்ல, "கலந்து போட்டியா? அடி பாவி!" என்று தொடையில் தட்டினார். பிறகு தன் கம்ப்யூட்டர் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே தூசிக்கு நடுவில் சிவப்பு டப்பாக்காரனின் பட்டைகள் ஜோடியாக நின்றன.

"நாலு கோடை தாண்டிடுச்சு. ஒரு நாளும் படுக்கல. அதுக்கு முந்தி நீலம் வெச்சிருந்தன். அதுவும் தப்பு சொல்ல முடியாது, ஆனா சித்திரை வெயில்ல கொஞ்சம் மொணகும். செவப்புலயே லைட்டு எரியறது ஒண்ணு இருக்குது, அதை வாங்காத. அது மாரியாயி கோயில் சீரியல் செட்டு. மொட்டையா இருக்குது பாரு, இதை வாங்கு."

கலைமதி தயங்கினாள். "நெசமாத்தாங்களாண்ணா?"

தர்மனுக்கு முகம் சிவந்துவிட்டது. "எந்திரி. நாத்து விசயத்துல பொய் சொல்ற வம்சமா நானு? உனக்கு நான் நல்லது நெனக்கல, அது வேற. பச்சியப்பன் வேலை எனக்கே வரட்டும்னுதான் காலையிலகூட சாமி கும்பிட்டன். அதுக்காகப் பொய் சொல்லணுமா?"

"மன்னிச்சுக்கங்கண்ணா."

"போ, போ. கடை மூடறதுக்குள்ள தருமபுரி போய்ச் சேரு."

போய்ச் சேர்ந்தாள். மொட்டைச் சிவப்பு ஜோடியை வாங்கி வந்து செருகினாள். அத்தனை பங்காளிகளும் ஒருவர் தோளை ஒருவர் இடிக்காமல் ஏறி உட்கார்ந்தார்கள். மத்தியான வெயிலில் தகரம் படபடவென்று வெடித்தது. கம்ப்யூட்டர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. படம் தருமபுரிக்குப் போய், பேனராகி, பஸ்ஸில் வந்து இறங்கியது.

வெள்ளிக்கிழமை மண்டப வாசலில் ஒரே கூட்டம். உள்ளே தாலி கட்டுகிறார்கள், வெளியே ஒவ்வொருத்தரும் பேனரில் தன் முகத்தைத் தேடுகிறார்கள். யாரும் இலையை எறியவில்லை. பச்சியப்பன் பட்டு வேட்டியோடு வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். கலைமதி பக்கத்தில் வந்து நின்றாள்.

"சம்பந்தி வந்துட்டாரு."

"வந்துட்டாரு மாமா."

"எல்லாஞ் சரி. என்னை மட்டும் ஏன் இப்பிடிக் கெழவனாப் போட்டிருக்க?"

"அது கம்ப்யூட்டரு பண்ணதில்ல மாமா, வயசு பண்ணது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பச்சியப்பன் அவர்களை முறைத்துப் பார்த்துவிட்டு, அவரும் சிரித்துவிட்டார்.

"திங்கக்கெழம மண்டிக்கு வா. ஆயுத பூசை பேனரு, நோட்டீசு எல்லாம் பேசணும். அதுலயாவது தலைமுடியைக் கொஞ்சம் கருப்பாப் போடு."

"எவ்வளவு கருப்பா மாமா?"

"பாக்குறவன் நம்புற அளவுக்கு."

"அப்ப இப்பிடியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கலைமதி பந்திக்குப் போனாள்.